பாதை இல்லாத மலையுச்சிக்கு வழி கண்டு போய்த் திரும்புவது எப்படி

தடம் விழுந்த மலைப்பாதைகளில் நடந்து பழகியவர்கள், இனிப் பாதையே இல்லாத ஓர் உச்சிக்குச் சொந்தமாக வழி பார்த்துப் போக நினைத்தால் அவர்களுக்கு உதவுவதற்காக இதை எழுதுகிறேன். கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படும் மலைகள் இதில் வராது. அங்கங்கே கையை ஊன்ற வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால். உச்சிக்குப் போகும் வழியை வீட்டில் உட்கார்ந்து நுணுக்கமாகப் பார்த்திருப்பார்கள். திரும்பும் வழியைக் கால் களைத்த பிறகு, உச்சியில் நின்றுகொண்டு யோசிப்பார்கள். இங்கே சொல்லும் வரிசையில் திரும்பும் வழிதான் முதலில் வரும். ஏன் என்பது 3-ஆம் பகுதியில் இருக்கிறது.

1. கிளம்புமுன் கைவசம் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. காப்புக்காடு, தேசியப் பூங்கா, எல்லைப் பகுதி, தனியார் நிலம் எதுவானாலும், பாதையில் நடக்கக் கொடுத்த அனுமதி பாதையை விட்டு விலகவும் செல்லும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் இரண்டும் வேறு வேறு. எந்த உச்சி, எந்தப் பக்கமாக ஏறப்போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

அடுத்து ஆள். நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, மற்ற இருவர் உதவி தேடிப் போகலாம். கூட்டம் பெரிதானால் புதரில் வரிசை நீண்டு, முன்னால் போகிறவருக்குப் பின்னால் யார் நின்றுவிட்டார் என்பதே தெரியாது.

வழி காண்பதற்கான பொருள்கள் கொஞ்சம்தான். தாளில் அச்சிட்ட சமவுயரக் கோட்டு வரைபடம் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டுவது), அதற்குத் தண்ணீர் புகாத உறை. ஒளி ஊடுருவும் தட்டு வைத்த காம்பஸ். ஆஃப்லைன் வரைபடம் ஏற்றிய போன், பவர் பேங்க். காற்றழுத்தத்தில் இயங்கும் உயரமானி, கைக்கடிகாரத்தில் இருப்பதே போதும். ஒரு பென்சில். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ.; 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. சேர்ந்தால் 1 கி.மீ. இரண்டும் கிடைத்தால் 1:25,000 எடுங்கள். பாதையில்லா மலையில் சின்னப் பள்ளம்கூட உங்களுக்கு அடையாளம்.

ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று வேண்டும். பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று சொல்லி விட்டுவிட்டு வருகிற பொருள் இதுதான். இன்னொருவர் வெளிச்சத்தில் பாறையில் இறங்க முடியாது. முழுநீளக் கால்சட்டை, முள்ளுக்குத் தடித்த கையுறை, மழையும் காற்றும் புகாத மேலுடை, விசில், முதலுதவிப் பை இவையும் சேர்த்து. முகட்டில் தண்ணீர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, முழு நாளுக்கும் கீழேயே நிரப்புங்கள். வரைபடத்தில் நீலக்கோடாக இருக்கும் ஓடை கோடையில் வெறும் கல்லாகக் கிடக்கலாம்.

2. வரைபடத்தில் மலையைப் படியுங்கள்

சமவுயரக் கோடு தெரியாமல் இந்தப் பயணத்துக்கு வராதீர்கள். இங்கே பாதைக்கோடு கிடையாது. நிலத்தின் வடிவம் ஒன்றுதான் வழிகாட்டி.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்பது எல்லோருக்கும் தெரியும். தடுமாறுவது முகட்டையும் பள்ளத்தையும் பிரிப்பதில். கோடுகளின் கூர்முனை உயரமான பக்கம் பார்த்தால் அது பள்ளம், பெரும்பாலும் ஓடை. தாழ்வான பக்கம் பார்த்தால் முகடு. எது உயரமான பக்கம் என்பதை வளைவைப் பார்த்து ஊகிக்காமல், கோட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஓடைக்குள் இறங்கியவர்களைத்தான் முகட்டில் நிற்பவர்கள் கத்திக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கையை மேசைமேல் விரல்களை விரித்து ஊன்றிப் பாருங்கள். விரல்கள் கிளைமுகடுகள், விரலிடுக்குகள் ஓடைகள், புறங்கையின் மேடு உச்சி. உங்கள் வரைபடத்தில் உள்ள மலைக்கு எத்தனை விரல், எந்த விரல் எந்தத் திசையில் நீள்கிறது என்று எண்ணிச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

சரிவின் கோணத்தையும் கணக்கிட்டுவிடுங்கள். 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டர் இடைவெளியில் கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் உயரம், அதாவது சுமார் 22 பாகை. நடந்தே ஏறலாம். அதே இடைவெளி அரை மி.மீ. என்றால் ஏறத்தாழ 39 பாகை. அங்கே கை ஊன்றாமல் முடியாது, மழை பெய்தால் இறங்கவும் முடியாது.

வரைபடம் சொல்லாத ஒன்றும் உண்டு. கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர் உயரப் பாறைச்சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கிடையே தடயமின்றி ஒளிந்திருக்கும். சீராகத் தெரியும் சரிவில் திடீரென்று சுவர் எதிர்ப்படுவது இதனால்தான். செயற்கைக்கோள் படத்தை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பாறைச்சுவர் நிழலாகத் தெரியும், அடர்புதர் சொரசொரப்பான பச்சையாகத் தெரியும். படம் எடுத்த மாதத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் எடுத்த படத்தை நம்பி மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கப் போகாதீர்கள்.

3. இறங்கும் வழியை முதலில் வரையுங்கள்

ஏறும்போது கிளைமுகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உச்சியில் முடிகின்றன. கொஞ்சம் விலகிப் போனாலும் மேலே போய்க்கொண்டே இருந்தால் உச்சி வந்துவிடும். இறங்கும்போது அதே முகடு ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டாகப் பிரிகிறது. தவறான கிளையில் 50 மீட்டர் இறங்கும்வரை எந்த வித்தியாசமும் தெரியாது. கடைசியில் வேறொரு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். ஏற்றம் பிழையை மன்னிக்கும், இறக்கம் மன்னிக்காது. அதனால்தான் இறக்கம் முதலில்.

உச்சியில் பென்சிலை வைத்து, உங்கள் முகட்டின் வழியே கீழ்நோக்கி வாருங்கள். முகடு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் அந்த இடத்தின் உயரமும், எடுக்க வேண்டிய கிளையின் திசைக்கோணமும் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம்) எழுதுங்கள். "1,840 மீ., 215 பாகை" என்ற அளவுக்குப் போதும். உயரமானி 1,860 காட்டும்போதே நின்று பார்க்க வேண்டும் என்பது இந்த எண்ணின் பயன்.

வட்டங்கள் அதிகமாக இருந்தால் அந்த முகடு உங்களுக்கு வேண்டாம். வேறு முகட்டைப் பாருங்கள். இரண்டோ மூன்றோ பிரிவுகள் உள்ள, அகலமான, உயரம் சீராகக் குறையும் முகடு புதியவர்களுக்கு ஏற்றது.

கூடவே ஒரு தப்பிக்கும் வழியும் வேண்டும். இடி, காயம், களைப்பு எதுவானாலும், உச்சியைத் தொடாமலேயே பாதுகாப்பாகக் கீழே இறங்கக்கூடிய பக்கம் எது? நடுவழியில் ஒரு கணவாயும் அதிலிருந்து மெதுவாகச் சரியும் பக்கமும் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடைப்பள்ளம் வழியே இறங்குவதை மட்டும் தப்பிக்கும் வழியாக எழுதாதீர்கள். தண்ணீர் குறுக்குவழியில் போகும், அருவியாகவும் குதிக்கும். உங்களால் குதிக்க முடியாது.

4. ஏறும் வழியைத் துண்டுகளாக வெட்டுங்கள்

இறங்கும் வழி முடிவானதும், முடிந்தால் அதையே ஏறும் வழியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகும் மலையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது, பார்க்காத நிலத்தில் களைத்த காலோடு இறங்குவதாகும்.

வழியை 300 மீட்டரிலிருந்து 1 கி.மீ. வரையுள்ள துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் கண்ணால் உறுதி செய்யக்கூடிய இடத்தில் முடிய வேண்டும். ஓடை சேரும் இடம், கணவாய், முகடு திரும்பும் முனை போன்றவை. "பெரிய பாறை" போதாது. மலையில் பெரிய பாறைகளுக்குப் பஞ்சமில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கூடவே வரும் கோடு எது? ஓடையோ முகட்டு விளிம்போ ஒரு பக்கமாகத் தொடர்ந்து வந்தால் காம்பஸை அடிக்கடி பார்க்க வேண்டாம். அதிகமாகப் போய்விட்டேன் என்று எது சொல்லும்? சரிவு திடீரென்று இறங்கத் தொடங்குவது, குறுக்கே ஓர் ஓடை வருவது, இப்படி ஏதாவது ஒன்று. எவ்வளவு நேரம் ஆகும்?

உதாரணமாக ஒரு துண்டு: "ஓடைகள் சேரும் இடத்திலிருந்து (1,210 மீ.) கணவாய்க்கு (1,390 மீ.). திசை 320. இடப்பக்கம் ஓடை கூடவே வரும். முன்னால் சரிவு கீழே இறங்கினால் கணவாயைத் தாண்டிவிட்டேன். 50 நிமிடம்." ஒரு சீட்டில் இப்படி எட்டுப் பத்து வரிகள் இருந்தால் அதுவே உங்கள் வழிகாட்டி. தாளை விரிக்க முடியாத காற்றில் இந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.

ஓடையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடைய வேண்டியிருந்தால் அதை நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே 100 மீட்டர் இடப்பக்கம் விலகிப் போங்கள். ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது உறுதி. நேராகக் குறிவைத்து, இடம் கண்ணில் படவில்லை என்றால் இடமா வலமா என்று தெரியாமல் அங்கேயே அரைமணி நேரம் போகும்.

5. நேரக் கணக்கு

மலையேறுபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் நெய்ஸ்மித் விதி எளிது. 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம். 6 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 12 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்ந்து 2 மணி 42 நிமிடம்.

இந்தக் கணக்கு நல்ல பாதைக்கு உரியது. பாதையில்லாத நிலத்தில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை எடுங்கள். மேலே சொன்ன தூரம் 4 மணி நேரத்திலிருந்து 5½ மணி நேரம் வரை ஆகும். அடர்புதரில் மணிக்கு 1 கி.மீ. நடந்தாலே பெரிது, அங்கே எந்த விதியும் செல்லாது. ஏறுவதற்கு ஆகும் நேரத்தில் முக்கால் பங்காவது இறக்கத்துக்கு ஒதுக்குங்கள். இறங்குவது சுலபம் என்று பாதி நேரம் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் இருட்டில்தான் திரும்புகிறார்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மாலை 6-க்கு இருட்டும் என்றால், 4 மணிக்குள் பாதைக்குத் திரும்பிவிட வேண்டும். இறக்கம் 4 மணி நேரம். அப்படியானால் பகல் 12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும், உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும்கூட. ஏற்றம் 5½ மணி நேரம் என்றால் காலை 6:30-க்குப் பிறகு கிளம்பிப் பயனில்லை. இந்த 12 மணியைக் கிளம்புமுன் எல்லோரும் ஒப்புக்கொண்டு சீட்டில் எழுதுங்கள். மேலே போன பிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

6. காம்பஸை வீட்டருகே பழகிவிட்டு வாருங்கள்

வரைபடத்திலிருந்து திசைக்கோணம் எடுப்பது நான்கே வேலை. தட்டின் ஓரத்தை நிற்கும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் நடுவே வையுங்கள். பயண அம்பு போகும் இடத்தைப் பார்க்கட்டும். டயலைத் திருப்பி, உள்ளே இருக்கும் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்குங்கள், டயலின் வடக்கு வரைபடத்தின் வடக்கில் இருக்க வேண்டும். காந்த ஒதுக்கத்தைத் திருத்துங்கள் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). பிறகு காம்பஸைக் கையில் பிடித்து, சிவப்பு முள் டயலுக்குள் வரைந்திருக்கும் வடக்கு அம்புக்குள் வரும்வரை உடம்போடு திரும்புங்கள்.

புதியவர்கள் மாறாமல் செய்யும் பிழை, அம்பையோ டயலையோ தலைகீழாக வைத்து 180 பாகை எதிரே போவது. இதற்கு ஒரே மருந்து, டயலைப் படிக்குமுன் வாயால் சொல்வது. "நான் வடமேற்கே போகிறேன், 270-க்கும் 360-க்கும் நடுவே வர வேண்டும்." டயலில் 140 வந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு பிழை, போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அதே கையில் காம்பஸையும் பிடிப்பது. போனின் ஸ்பீக்கர் காந்தம் முள்ளை இழுக்கும். காந்தப் பூட்டுள்ள போன் உறை இன்னும் மோசம். ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள்.

காந்த ஒதுக்கம் என்பது உண்மை வடக்குக்கும் முள் காட்டும் வடக்குக்கும் உள்ள கோணம். கிழக்கே இருந்தால் வரைபடக் கோணத்திலிருந்து கழிக்க வேண்டும், மேற்கே இருந்தால் கூட்ட வேண்டும். வரைபடத்தில் 320, ஒதுக்கம் கிழக்கே 10 என்றால் காம்பஸில் 310. மறந்துவிட்டால் 1 கி.மீ. தூரத்தில் சுமார் 175 மீட்டர் தள்ளிப் போவீர்கள். ஒரு முகட்டை விட்டு அடுத்த முகட்டுக்குப் போக அது போதும். ஒதுக்கம் மிகச் சிறியதாக உள்ள பகுதிகளும் உண்டு, அங்கே கவலையில்லை. வரைபட ஓரத்தில் அச்சிட்ட எண் அது அச்சான ஆண்டுக்குரியது. ஆண்டுதோறும் மாறுவதால், பழைய வரைபடம் என்றால் புதிய மதிப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

7. போனைத் தயார் செய்யுங்கள்

ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. வரைபடத்தை இறக்கத்தான் தேவை. அதனால் பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். சமவுயரக் கோடுகள் தெரிந்தால்தான் இறங்கியிருக்கிறது.

உச்சி, வட்டம் போட்ட பிரிவுகள், துண்டுகளின் முனைகள், பாதையை விட்டு விலகும் இடம் எல்லாவற்றையும் புள்ளிகளாகப் பதியுங்கள். நடக்கத் தொடங்கியதும் ட்ராக்கை, அதாவது நடந்த வழியின் கோட்டை, பதிவு செய்யுங்கள், திரும்பும்போது உதவும்.

யாரோ ஏற்றி வைத்த ட்ராக்கை அப்படியே பின்பற்றுவதை நான் ஏற்பதில்லை. அவர் வழிதவறி அலைந்ததும் அதே கோட்டில்தான் பதிவாகியிருக்கும். எந்த மாதம் போனார், எவ்வளவு பாறை ஏறத் தெரிந்தவர் என்பது கோட்டில் தெரியாது. வரைபடத்தில் உங்கள் வழியை வரைந்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

தாள் வரைபடத்தின் டேட்டமும், அதாவது இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களுக்கு அடிப்படையான அளவு முறையும், போனின் டேட்டமும் (பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ்84) ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ஒரே எண் தரையில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டக்கூடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

8. ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்

வழி, கூட வருபவர்கள், தப்பிக்கும் வழி, திரும்பும் நேரம், அதோடு "இந்த மணிக்குள் தகவல் இல்லையென்றால் இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்ற வரி. இந்தக் கடைசி வரி இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர் நள்ளிரவுவரை என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பார்.

செயற்கைக்கோள் தொடர்புக் கருவி கொண்டு போவதானால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் செயற்கைக்கோள் போனை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

9. பாதையை விட்டு விலகும் இடம்

இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். உயரமானியை வரைபட உயரத்துக்குத் திருத்துங்கள். நேரத்தைக் குறியுங்கள். வரைபடத்தை நிலத்தோடு பொருந்தும்படி திருப்பிப் பிடித்து, கண்ணில் படும் மூன்று அடையாளங்களை வரைபடத்தில் தொட்டுக் காட்டுங்கள். ஆரம்பப் புள்ளியே தவறினால், அதற்குப் பின் எடுக்கும் ஒவ்வொரு கோணமும் சரியாக இருந்தும் தவறான இடத்துக்கே கொண்டுபோகும்.

பிறகு பாதையின் மறுபக்கம் நின்று, திரும்பி வருகிறவரின் கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். மாலையில் புதருக்குள்ளிருந்து வெளியே வருபவருக்கு இந்த மெல்லிய தடம் தெரியுமா? தெரியாது என்றால், எந்தப் பக்கம் விலகி வந்து பாதையைத் தொடுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல் அடுக்கி அடையாளம் வைப்பது வேண்டாம். அடுத்து வருபவரை அது உங்கள் வழியில் இழுக்கும், அவர் போக வேண்டிய இடம் வேறாக இருக்கலாம்.

10. நடக்கும்போது

காம்பஸைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நடந்தால் கால் இடறும், திசையும் பக்கவாட்டில் நகரும். திசையில் 50 அல்லது 100 மீட்டர் தூரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து, காம்பஸை மடக்கிவிட்டு அதுவரை போங்கள். போனதும் அடுத்தது. சரிவில் குறுக்கே நடக்கும்போது உடம்பு தானாகக் கீழ்ப்பக்கம் வழுகும், இது எல்லோருக்கும் நடக்கும். உயரமானியை அடிக்கடி பாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது மலை அந்தப் பக்கமிருந்துதான் தெரியும். முகடு பிரியும் இடங்களில் பின்பக்கம் பார்த்து ஒரு போட்டோ.

புதர்ச் சரிவில் கிளைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஏறும்போது அவை உங்களை எதிர்த்துத் தள்ளும். புதரை வெட்டிக்கொண்டு நேரே போவதைவிட, சுற்றினாலும் பாறையோ புல்லோ உள்ள முகட்டுக்கு ஏறிவிடுவது வேகம். விலங்குத்தடம் உங்கள் திசையில் போகும்வரை அதில் போகலாம். விலகியதும் விட்டுவிடுங்கள். அது தண்ணீருக்கோ மேய்ச்சலுக்கோ போகிறது, உச்சிக்கு அதற்கு வேலையில்லை.

தளர்ந்த கல் உள்ள சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. பக்கம் பக்கமாகவோ, மிக நெருக்கமாகவோ ஏறுங்கள். இரண்டு அடி உருண்ட கல்லைக் கையால் தடுக்கலாம், இருபது மீட்டர் உருண்டதைத் தடுக்க முடியாது. கல் உருண்டால் பெரிதாகக் கத்துங்கள், கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் ஒதுங்க வேண்டும்.

பாறையில் ஒரே விதி: இறங்க முடியாத இடத்தில் ஏறாதீர்கள். ஏறும்போது கண் பிடிமானத்தைப் பார்க்கும். இறங்கும்போது கால் கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தேடும். சந்தேகமானால் மூன்றடி ஏறி, திரும்ப இறங்கிப் பாருங்கள்.

பனி உருகி வரும் ஓடைகளில் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் ஏறும். காலையில் முழங்காலளவு கடந்தது மாலையில் இடுப்பளவு இருக்கலாம். அந்த வழியில் திரும்புவதானால் நேரக் கணக்கில் இதையும் சேருங்கள்.

11. மூடுபனி இறங்கினால்

பனி மூடுவதற்கு முன்பே, கடைசியாகத் தெரியும் காட்சியை வைத்து இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மூடிய பிறகு முதல் கேள்வி, தொடர்வதா திரும்புவதா. விளிம்பில் செங்குத்துப் பள்ளம் உள்ள முகடு என்றால் திரும்புங்கள்.

தொடர்வதானால் ஒருவரை முன்னால் அனுப்புங்கள். அவர் கண்ணுக்கு மறையும் எல்லையில் நிற்கட்டும். காம்பஸ் வைத்திருப்பவர் "இடம், இன்னும் இடம், நில்" என்று சொல்லி அவரைச் சரியான கோட்டில் நிறுத்திவிட்டு, அவரிடம் போய்ச் சேரவும். மறுபடியும் அதே போல. மெதுவான வேலை, ஆனால் கோடு வளையாது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதற்கு அடி எண்ணுங்கள். இடக்கால் ஊன்றும் எண்ணிக்கையில் 100 மீட்டருக்குச் சமதளத்தில் பலருக்கு 60 முதல் 70 வரும். ஏற்றத்தில் கூடும். உங்கள் எண்ணை அளந்த தூரத்தில் முன்கூட்டியே நடந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இடத்தை உறுதி செய்ய ஓர் அருமையான முறை இருக்கிறது, ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை. நிற்கும் சரிவில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். அந்தத் திசையைக் காம்பஸில் எடுங்கள், காந்த ஒதுக்கத்தைத் திருத்துங்கள். வரைபடத்தில் அந்தத் திசையில் சரியும் பக்கம் எது? உங்கள் உயரமானி காட்டும் கோடும் அந்தப் பக்கமும் வெட்டும் இடத்தில் நிற்கிறீர்கள். முகடு தெற்கே சரிய வேண்டிய இடத்தில் தரை கிழக்கே சரிகிறது என்றால், தவறான கிளையில் இருக்கிறீர்கள்.

உயரமானியையும் முழுதாக நம்ப வேண்டாம். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அது சுமார் 8 முதல் 10 மீட்டர் கூடுதலாகக் காட்டும். உறுதியான ஒவ்வோர் இடத்திலும் திருத்துங்கள். ஓய்வெடுத்த இடத்திலேயே எண் ஏறிக்கொண்டு போனால் வானிலை கெடப்போகிறது.

12. உச்சிக்கு அருகில்

மேலே தெரியும் முனை பெரும்பாலும் உச்சியாக இருக்காது. முகட்டில் சரிவு குறையும் இடமெல்லாம் கீழிருந்து உச்சியாகத் தெரியும். வரைபடத்தில் இந்தப் பொய் உச்சிகளை முன்பே எண்ணி வைத்திருந்தால், "இன்னும் ஒன்று பாக்கி" என்று சொல்லிக்கொண்டு மூச்சைப் பங்கிடலாம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கி ஏறுவதானால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தவரை உச்சிக்குக் கூட்டிப்போவது கூடாது. அவரைக் கீழே இறக்க வேண்டும்.

13. இறக்கம்

உச்சியில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுப் பையை மாட்டுகிறவர், வந்த பக்கம் என்று முழு நம்பிக்கையோடு எதிர்ப்பக்கம் இறங்கத் தொடங்குவார். வட்டமான உச்சியில் இது சர்வசாதாரணம். எனவே உச்சியை அடைந்ததும், பையை இறக்குமுன், இறங்கும் திசைக்கோணத்தைக் காம்பஸில் வைத்துவிடுங்கள். ஒருவரை அந்தத் திசையைப் பார்த்து உட்கார வையுங்கள்.

கிளம்பியதும் சீட்டில் உள்ள உயரங்களில் கட்டாயம் நில்லுங்கள். முகடு பிரியும் வட்டம் வருமுன் 20 மீட்டர் உயரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கோணம் எடுத்து, காலையில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். இறக்கத்தில் வேகமாக நடப்பவர் முன்னால் போகக் கூடாது. ஏறும்போது வழி பார்த்தவரே இறங்கும்போதும் முன்னால் போவது நல்லது.

கீழே முடியும் இடம் தெரியாத சரிவிலோ பாறையிலோ இறங்காதீர்கள். பத்து மீட்டர் சறுக்கி இறங்கிய பிறகு கீழே சுவர் என்று தெரிந்தால், ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

14. இடம் தெரியாமல் போனால்

இதன் முதல் அறிகுறி வரைபடத்தோடு வாக்குவாதம். வரைபடத்தில் ஓடை வலப்பக்கம் வளைகிறது, கண்முன் இருப்பது இடப்பக்கம் வளைகிறது. "மழையில் ஓடை மாறியிருக்கும்" என்பார் ஒருவர். "இந்தக் கணவாயை விட்டுவிட்டு வரைந்திருக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். இப்படி ஒரு விளக்கம் தேவைப்பட்டதுமே நின்றுவிடுங்கள்.

உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். சந்தேகமே இல்லாமல் தெரிந்த கடைசி இடம் எது, அதிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று பாருங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்க முடியுமோ, அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள். உயரமானியும் சரிவுத் திசையும் வட்டத்தை ஒன்றிரண்டு இடங்களாகக் குறைத்துவிடும். போனையும் பாருங்கள், இதற்காகத்தான் பேட்டரியைச் சேமித்தோம். தெரிந்த இடத்துக்குத் திரும்பி ஏற வேண்டியிருந்தால் ஏறுங்கள். 200 மீட்டர் திரும்ப ஏறச் சோம்பிக் குறுக்கே போவதுதான் சின்னப் பிழையைப் பெரிதாக்குகிறது.

வெளிச்சம் போகப்போகிறது, வழியும் உறுதியில்லை என்றால், இருட்டுவதற்கு முன்பே காற்று மறைவான, கல் விழாத, ஓடைப்படுகை அல்லாத இடத்தைத் தேடி உட்காருங்கள். எல்லா உடைகளையும் குளிரத் தொடங்குமுன் அணியுங்கள். பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்காருங்கள். தரைதான் சூட்டை அதிகம் உறிஞ்சும்.

உதவி கேட்க, பல நாடுகளில் 112 எண்ணை உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைக்க முடியும். முகட்டுக்கு ஏறி முயன்று பாருங்கள். ஜிபிஎஸ் எண்களைப் படித்துச் சொல்லத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசில் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று விசில் திரும்ப வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். பாறைச்சுவர்களில் மோதி ஒலி வேறு திசையிலிருந்து வருவதுபோல் கேட்கும் என்பதால், பதில் வந்த பக்கம் நடக்கத் தொடங்காமல், அவர்கள் வந்து சேரும்வரை இருந்த இடத்திலிருந்தே ஊதிக்கொண்டிருங்கள்.